பாக்கி குறையத்தான செய்யும்: ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பயிற்சி வகுப்பில் "உங்கள் வகுப்பில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?" என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் "எல்லாரும்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த டீச்சர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வந்த கோபத்தில்தான் மறுநாள் செல்போனைப் பதிவில் போட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன்.

சாயந்தரம் வீட்டில் கேட்டேன். நாற்பது நிமிடத்தில் இருபத்தாறு கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் சொன்ன குரல்கள் ஐந்து. அதில் முதல் பெஞ்ச் பையன் மட்டும் பதினோரு தடவை. கேள்வி முடிந்த அடுத்த நொடியே "ம்? தெரியலையா? சரி, நீ சொல்லு" என்று நானே வேறொரு பிள்ளையிடம் தாவியிருக்கிறேன். வகுப்பில் இருந்தது 31 பேர். மீதி 26 பேர் எங்கே போனார்கள் என்று அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன், இறங்கியது. ஆனால் ருசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. தாமிரபரணி ஆற்றுத் தண்ணீரில் விளையும் நெல், வாழை, அப்புறம் பீடி. பாதி வீடுகளில் திண்ணையில் ஒரு முறமும் கத்தரியும் இருக்கும். நான் கணக்கு எடுப்பது ஆறு முதல் எட்டு வரை. இந்த ஆய்வு 2024 ஜூனில் ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பற்றியது. குறிப்பாக, மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்த ஒரு பிள்ளையைப் பற்றியது. பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பு முழுக்க அவள் என்னிடம் பேசியது "உள்ளேன் டீச்சர்" என்ற ரெண்டு வார்த்தைதான். நோட்டு சுத்தமாக இருக்கும். போர்டில் உள்ளது அப்படியே இருக்கும். தானாகப் போட வேண்டிய கணக்கின் இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். தப்பாகக்கூட ஒன்றும் எழுத மாட்டாள். நான் அவளைச் "சுமார்" என்று என் மனசில் எழுதி வைத்திருந்தேன்.

நொடிக்கணக்கு

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதை அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே அளந்து பார்த்திருக்கிறார். சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீளமானது, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். படிக்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். மூன்று நொடி சும்மா நின்று பாருங்கள். இரண்டாவது நொடியிலேயே வாய் ஊறும், யாரையாவது கூப்பிடத் தோன்றும். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு விரலை மடக்கி எண்ணினேன்.

ஜூன் முழுக்க அப்படி நின்றேன். ஐந்து குரல் எட்டானது. ஆனால் சுவரோரத்துப் பிள்ளை அசையவில்லை. அவளுக்கு மூன்று நொடியும் ஒன்றுதான், முப்பது நொடியும் ஒன்றுதான்.

கணக்கு என்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பயமும் தோற்றுப்போன உணர்வும் இருக்கிறது என்பதைத் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் 2006இல் வெளியிட்ட கணிதக் கற்பித்தல் அறிக்கை பிரச்சினைகளின் பட்டியலில் முதலாவதாக வைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பயம் என்றதும் நாங்கள் உடனே "உன்னால் முடியும்" என்று சார்ட் எழுதி ஒட்டிவிடுவோம். என் வகுப்பிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை ஒரு வருடமாக அதன் நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

நான் செய்த தப்பு

ஜூலையில் ஒரு கட்டுரை படித்தேன். பிரேசிலில் ரெசிஃபி என்ற ஊர். தெருவில் தேங்காய், மக்காச்சோளம் என்று விற்கும் ஐந்து பிள்ளைகள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்ச் சாமான் வாங்கி, விலையும் பாக்கிச் சில்லறையும் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான். 1985இல் வந்த ஆய்வு. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. நம்ம ஊரில் பீடி இருக்கிறதே!

மறுநாள் முழுக்கள் பாடம். குறை எண்களைக் கூட்ட வேண்டும். நான் போர்டில் எழுதினேன்: ஒரு வீட்டில் 1000 பீடி கொடுக்க வேண்டும், 25 பீடி ஒரு கட்டு, 26 கட்டும் 15 உதிரியும் முடிந்திருக்கிறது, இன்னும் எத்தனை? எழுதிவிட்டுத் திரும்பி, உற்சாகம் தாங்காமல், மூன்றாவது பெஞ்சைக் கைகாட்டினேன். "ஏட்டி, உங்க அம்மா பீடி சுத்துறாங்கல்லா, நீ சொல்லு, உனக்குத் தெரியாததா?"

பின் பெஞ்சில் ஒருத்தன் இரண்டு விரலை உதட்டில் வைத்து இழுத்துக் காட்டினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். பிள்ளை எழுந்து நின்றாள். நான் மூன்று நொடி அல்ல, அரை நிமிடம் பொறுத்தேன், பொறுப்பது நல்லது என்று படித்திருந்தேனே. அவள் கண் போர்டிலும் இல்லை, என் முகத்திலும் இல்லை, பெஞ்சின் விளிம்பில் இருந்தது. "சரி, உக்காரு" என்றேன். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ரெசிஃபியில் ஆய்வாளர்கள்தான் பிள்ளைகளின் கடைக்குப் போனார்கள், வாங்குபவராக நின்றார்கள். நான் செய்தது வேறு. அவள் வீட்டை முப்பது பேர் நடுவில் இழுத்து வந்து வைத்தேன். அந்த முப்பதில் பாதிப் பேர் வீட்டிலும் பீடிதான். கைகாட்டப்பட்டவள் அவள் ஒருத்தி என்பதுதான் வித்தியாசம்.

திண்ணையில்

மூன்றாம் நாள் சாயந்தரம் வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்திருந்தார். தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய இலையைத் தகரத் துண்டை வைத்து வெட்டி ஒரு பக்கம் அடுக்கியிருந்தார். கை தானாக ஓடியது: இலையை விரிக்க, தூளை வைக்க, சுருட்ட, நூல் சுற்ற. எழுந்திருக்கப் பார்த்தவரை உட்காரச் சொன்னேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். போவ மாட்டேங்கா. என்னட்டின்னு கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா. அவ கணக்குலாம் நல்லாத்தான் போடுவா. பள்ளிக்கூடத்துக் கணக்குதான் வரமாட்டேங்கு."

"வீட்டுல என்ன கணக்கு போடுவா?"

"எல்லாம் அவதான். பீடிக்கடையில எவ்வளவு கழிச்சான், எவ்வளவு பாக்கின்னு அவ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

ஒரு பழைய நோட்டைக் காட்டினார். பிள்ளையின் கையெழுத்து. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. கடையில் சரியில்லை என்று கழித்துக்கட்டிய பீடி அன்றைக்கே பாக்கியாக எழுதப்பட்டிருக்கும், மறுநாள் கூடுதலாகச் சுற்றியது அதில் கழிந்திருக்கும். ஒரு வரியில் "பா 40", அடுத்த வரியில் "25 கொ", அதற்குக் கீழே "பா 15". குறை நாற்பதோடு இருபத்தைந்தைக் கூட்டினால் குறை பதினைந்து. நான் போர்டில் இரண்டு வாரமாக எண்கோடு வரைந்து தவளையைத் தாவவிட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

என் 1000 பீடிக் கணக்கை அவள் எப்படிப் போடுவாள் என்று அம்மா மூலமாகவே கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாப்பது கட்டுல இருவத்தாறு போனா பதினாலு கட்டு. அதுல பதினஞ்சு ஏற்கனவே இருக்கு. பதினாலு கட்டுக்குப் பதினஞ்சு குறைய." அதாவது 350க்கு 15 குறைய, 335. நான் எதிர்பார்த்த வழி 26ஐ 25ஆல் பெருக்கி, 15ஐக் கூட்டி, 1000த்தில் கழிப்பது. அவள் வழியில் பெரிய பெருக்கலே இல்லை. பாடப்புத்தகம் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லித்தரும் குறை எண்ணை அவள் நடுவழியில் சும்மா எடுத்து வைத்துக்கொள்கிறாள்.

(அவளும் சுற்றுகிறாளா என்று கேட்கத்தான் செய்தேன். "நோட்டு மட்டுந்தான் டீச்சர்" என்றார் அம்மா. நூல் நறுக்கிக் கொடுப்பாளாய் இருக்கும். அதை நான் அன்றைக்குத் தோண்டவில்லை, பிறகு தனியாகப் பேசினேன்.)

கிளம்பும்போது பிள்ளை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அன்னைக்கு உன்னக் கைகாட்டுனது என் தப்பும்மா. இனிமே கேட்காம அப்படிச் செய்ய மாட்டேன்" என்றேன். அவள் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் வந்தாள்.

அணைத் தண்ணீர்

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பொருள்: எல்லார் வீட்டுக்கும் சொந்தமானது, யாருக்கும் வெட்கம் தராதது. அது தினமும் காலையில் பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. பாபநாசம் அணையின் நீர்மட்டம்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா, அடுத்த போகமான பிசானத்துக்கு மிஞ்சுமா என்பது எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பேச்சு. வயல் இல்லாதவர்களுக்கும் ஆறு குடிதண்ணீர். பாபநாசம் அணையின் உச்சமட்டம் 143 அடி. அந்த 143ஐப் பூச்சியம் என்று வைத்தோம். அப்போது 97 அடித் தண்ணீர் குறை 46. நேற்றைக்கு மூன்று அடி ஏறினால் குறை 43. ஓர் அடி இறங்கினால் குறை 44. சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டி, நிறைமட்டத்தை மேலே சிவப்புக் கோடாக வரைந்தோம். தினம் ஒருத்தர் வந்து ஏற்ற இறக்கத்தை எழுதி, புது எண்ணைப் போட வேண்டும். வருகைப்பதிவேட்டு வரிசையில் முறை வரும். கை தூக்கத் தேவையில்லை, நான் கூப்பிடவும் தேவையில்லை. அதனால் எழுந்து போவது யாருக்கும் பரீட்சையாக இல்லை. மணி அடிக்கிற முறை போல அதுவும் ஒரு முறை, அவ்வளவுதான்.

அத்தோடு ஒன்றாம் வகுப்பு அலமாரியில் கிடந்த சிலேட்டுகளைத் தூசி தட்டி எடுத்தேன். கேள்வி கேட்டதும் எல்லாரும் எழுதி, "மூணு" என்றதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் வாரம் கூத்துதான். எல்லாச் சிலேட்டிலும் முதல் பெஞ்ச் பையனின் விடையே இருந்தது, அவன் தப்பானால் வகுப்பே தப்பு. அப்புறம் கேள்வியை மாற்றினேன். "விடை என்ன" என்பதோடு "இதில் ஒருத்தர் தப்பு பண்ணினால் என்ன விடை வரும்" என்பதையும் எழுதச் சொன்னேன். தப்பை எழுதுவதற்கு யாரையும் பார்த்து எழுத வேண்டியதில்லை, ஆளுக்கொரு தப்பு கைவசம் இருந்தது. சுவரோரத்துப் பிள்ளையின் சிலேட்டில் முதல்முதலாக அவளே போட்ட எண் ஒன்றைப் பார்த்தேன். தப்பு விடைதான். நல்ல தப்பு.

வீட்டுக் கணக்கை விட்டுவிட மனசில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, "உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெரியவர்கள் போடும் ஒரு கணக்கைக் கேட்டு எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம்" என்றேன். மகளிர் குழு வட்டி வந்தது, பூ முழம் வந்தது, வாழைத்தாருக்குச் சீப்புக் கணக்கு வந்தது. நெல் அளவு பற்றிய ஒரு சீட்டில், "21 மரக்கால் ஒரு கோட்டை. கால் கோட்டைக்கு எவ்வளவு? தாத்தா உடனே சொல்லிட்டாங்க" என்று இருந்தது. வகுப்பு அதில் ஒரு பீரியட் முழுக்க மாட்டிக்கொண்டது. ஐந்தா, ஆறா? அஞ்சேகால். பின்னம் என்ற பேச்சை எடுக்காமலே பின்னம் நடந்தது. பீடிக் கணக்கும் நாலைந்து சீட்டில் வந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது, யாரும் சிரிக்கவும் இல்லை.

யார் பக்கத்தில் யார்

இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்து வகுப்பறையைப் பற்றி எழுதியதாக ஆகாது. பிள்ளைகள் உட்காருவது தெருவாரியாக. யாரும் சொல்லித்தருவதில்லை, தானாக அப்படி அமைந்துவிடும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் புரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சாதி வெறியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும் அகரவரிசையில் உட்காரவைக்கவும் பரிந்துரைத்தது.

நான் கணக்குப் பீரியடுக்கு மட்டும் அகரவரிசையில் ஜோடி போட்டேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம். உட்காரவைத்ததால் பேசிவிடுவார்கள் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். ஒரு ஜோடி இரண்டு வாரமும் நடுவில் பையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு கணக்கையே இரண்டாக வெட்டினேன். ஒரு சீட்டில் நேற்றைய மட்டம், இன்னொரு சீட்டில் இன்றைய ஏற்ற இறக்கம். ஆளுக்கு ஒரு சீட்டு, காட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் பேசினார்கள். பை கீழே இறங்க இன்னும் ஒரு வாரம் ஆனது. இதனால் ஊர் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். மணி அடித்ததும் அவரவர் பழைய கூட்டத்துக்குத்தான் போனார்கள்.

பாக்கி

ஆகஸ்டு கடைசி. போர்டில் அணையும் இல்லை, பீடியும் இல்லை, வெறும் (−40) + 25. சிலேட்டுகள் எழுந்தன. முதல் பெஞ்ச் பையன் −65 என்று காட்டினான். அவனைப் பார்த்துப் பத்துப் பேர். 15 சிலர். −15 சிலர்.

நான் எது சரி என்று சொல்லாமல், "பக்கத்தில் உள்ளவரிடம் ஏன் என்று சொல்லுங்கள்" என்றேன். வகுப்புக்குள் நடந்துகொண்டிருந்தபோது சுவரோரத்திலிருந்து அது கேட்டது. தன் ஜோடிப் பையனிடம், தலையைத் தூக்காமல்: "நாப்பது பாக்கி. இருவத்தஞ்சு குடுத்தாச்சு. பாக்கி குறையத்தான செய்யும், எப்படிக் கூடும்?"

அவள் பேசியதை எடுத்து வகுப்புக்குச் சொல்ல வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. ஜூலை மாதம் ஞாபகம் வந்தது. அவள் சிலேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "இத வகுப்புக்குச் சொல்லலாமா? நீயா, நானா, இவனா?" என்று மெதுவாகக் கேட்டேன். ஜோடிப் பையனைப் பார்த்தாள். அவன் எழுந்து, "டீச்சர், இவ சொல்லுதா, பாக்கி குடுத்தா பாக்கி குறையத்தான செய்யும்னு" என்றான். முதல் பெஞ்ச் பையன் தன் சிலேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எச்சில் தொட்டு 65ஐ அழித்தான்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் குறை எண்ணுக்குப் "பாக்கி" என்றுதான் பெயர். பரீட்சையில் எழுதும்போது மட்டும் குறை முழு.

பலன் என்று சொல்லலாமா

காலாண்டில் அவள் தேறினாள், நூலிழையில். வினாத்தாள் அவள் போடும் வழியைக் கேட்பதில்லை, எழுதும் படிநிலைகளைக் கேட்கிறது. அதில் அவள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள். வாய்விட்டுப் பேசுவது ஜோடியோடு சரி. அக்டோபரில் திரும்பவும் செல்போனை டிராயரில் வைத்தேன். கேள்விகள் பாதியாகக் குறைந்திருந்தன, குரல்கள் பதினேழு. பதினாலு பேர் இன்னும் கேட்கவில்லை, அவர்கள் என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

நஷ்டமும் உண்டு. முதல் பெஞ்ச் பையனின் அப்பா வந்து, "எம்பையன இப்பல்லாம் கேள்வியே கேக்க மாட்டேங்கீங்களாமே" என்றார். நியாயமான கேள்வி. வேகமாக விடை சொல்வதுதான் கணக்கு என்று அவனுக்கு இரண்டு வருடமாகப் பழக்கியது நான், திடீரென்று ஆட்டத்தின் விதியை மாற்றியதும் நான். சிலேட்டுகளில் வரும் தப்பு விடைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி வந்திருக்கும் என்று கண்டுபிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அதில் கெட்டிக்காரனாகிவிட்டான், என்னைவிட.

நவம்பரில் மழை பிடித்தது. சுவர்த்தாளில் எண்கள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. ஒருநாள் அவள் முறை. ஏற்றத்தை எழுதினாள், கூட்டினாள், பாக்கியைப் போட்டாள். ஸ்கெட்ச் பேனாவை வைத்துவிட்டு இடத்துக்குப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், போன வருசம் மாதிரி வெள்ளம் வந்து அணை நெறைஞ்சிட்டுன்னா, அப்புறம் பாக்கியே இல்லல்லா. அதுக்கு மேல பெஞ்சா கோட்டுக்கு மேல எழுதணுமா?"

"தொறந்து விட்டுருவாங்கட்டி, எப்படி மேல போவும்?" என்றது ஒரு குரல். "தொறந்தா எறங்கும்லா, அப்பத் திரும்பவும் பாக்கிதான்" என்றது இன்னொன்று. "வார தண்ணியும் போற தண்ணியும் ஒண்ணா இருந்தா?" என்று முதல் பெஞ்சிலிருந்து வந்தது. போன டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். பக்கத்து வகுப்பு சார் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். நான் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் கையில் திரும்பவும் ஸ்கெட்ச் பேனா இருந்தது.